பயிற்சி விமானம்: த்ராட்டில் (மோட்டார் வேகம்) கொடுத்தால் அண்ணாந்து நிற்கிறது, குறைத்தால் குத்துகிறது. மூக்கில் இன்னும் ஈயம் வைக்கலாமா?

தறிச்சத்தம் (பல்லடம்)
ஞாயிறு, இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கமுங்க. பல்லடத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். வீட்டை ஒட்டிய கூடத்தில் எட்டுத் தறி ஓடுகிறது, பகல் முழுக்க அதுதான் பிழைப்பு. ராத்திரி தறி நின்ற பிறகு உட்கார்ந்து கட்டிய, ரேடியோவில் ஓட்டுகிற குட்டி விமானம் இது. நாலு மாதம் ஆனது. போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் ஏற்றினேன், இரண்டு தடவையும் தரையில் குத்திவிட்டது. மூன்றாவது தடவையும் குத்தினால் வீட்டில் விமானத்தைப் பரண் மேல் போட்டுவிடுவார்கள். அதனால் கேட்டுவிட்டே ஏற்றலாம் என்று வந்திருக்கிறேன்.

இணையத்தில் இறக்கிய பிளான். மேல் இறக்கை வைத்த பயிற்சி விமானம், ஃபோம் போர்டில் செய்தது. இறக்கை நுனிக்கு நுனி 120 செ.மீ., அகலம் 16 செ.மீ. அடியிலிருந்து நுனி வரை ஒரே அகலம்தான். 2212 மோட்டார், 1000 கேவி, 30 ஆம்பியர் இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), 10க்கு 4.5 ப்ராப் (மூக்கில் சுழலும் விசிறி), மூன்று செல் 2200 பேட்டரி, 9 கிராம் சர்வோ (இறக்கை, வால் பலகைகளை அசைக்கிற குட்டி மோட்டார்) நாலு. மளிகைக் கடைத் தராசில் எல்லாம் சேர்த்து 1,040 கிராம் காட்டியது.

முதல் தடவை மாமன் மகன் கையால் எறிந்தான், நான் முழு த்ராட்டில் கொடுத்தேன். நல்ல பாம்பு படமெடுத்த மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. ஒரு நொடிதான் இருக்கும். இடது இறக்கை சரிந்து பக்கத்துச் சோளக்காட்டுக்குள் போய் விழுந்தது. வால் மூன்று துண்டு. அதை 3 மி.மீ. ப்ளைவுட்டும் அரால்டைட்டும் வைத்துக் கெட்டியாகக் கட்டினேன். இனி எத்தனை தடவை விழுந்தாலும் வால் மட்டும் உடையாது.

பிளானில் ஈர்ப்பு மையம் (விமானம் மட்டமாக நிற்க வேண்டிய புள்ளி) இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 55 மி.மீ. என்று போட்டிருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினேன், வால் தொங்கியது. டயர் கடையில் வீல் பேலன்சுக்கு ஒட்டுவார்களே, 5 கிராம் ஈயத்துண்டு, அதில் பன்னிரண்டு வாங்கி மூக்கில் ஒட்டினேன். மட்டமாக நின்றது.

இரண்டாவது தடவையும் மூக்கு தூக்கியது, ஆனால் முன்னைவிடக் குறைவு. எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குகிற வால் பலகை) ட்ரிம்மை, அதாவது அது நிற்கிற நடு நிலையை மாற்றுகிற பொத்தானை, கடைசி வரை கீழே தள்ளியதும் ஒரு வழியாகப் பறந்தது. த்ராட்டிலைக் குறைத்தேனோ இல்லையோ, கிணற்றில் போட்ட கல் மாதிரி நேரே கீழே. அது போக, எலிவேட்டர் குச்சியைத் தொட்டாலே துள்ளுகிறது. தறி நாடா மாதிரி மேலுக்கும் கீழுக்கும் ஓடுகிறது, பிடித்து நிறுத்த முடியவில்லை.

மாமன் மகன் "மூக்குல இன்னொரு 40 கிராம் போடு மாப்ளே" என்கிறான். போடலாமா?

கொப்பரை (பொள்ளாச்சி)
திங்கள், காலை 6.15

போடுங்க. மூக்கு கனமாக இருந்தால் ஒன்றும் பயமில்லை, வால் கனம்தான் ஆபத்து. என்னுடையதில் 90 கிராம் இருக்கிறது. கொஞ்சம் வேகமாக இறங்கும், அவ்வளவுதான்.

மரப்பேட்டர்ன் (கணபதி, கோவை)
திங்கள், இரவு 9.20

தம்பி, ஈயத்தைக் கீழே வை. கொப்பரைக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் இவருக்கு இன்னும் 40 கிராம் சொல்வது தவறான மருந்து.

மூன்று கேள்வி. பதில் சொல்லிவிட்டு அப்புறம் விமானத்தைத் தொடு.

ஒன்று, பிளானை அதே அளவில் வெட்டினாயா, சுருக்கினாயா? 16 செ.மீ. அகலத்துக்கு 55 மி.மீ. என்றால் நூற்றுக்கு 34. பழகுகிறவனுக்குப் பிளான் வரைகிற யாரும் அவ்வளவு பின்னால் புள்ளி வைக்க மாட்டார்கள். 25-லிருந்து 30-க்குள்தான் வைப்பார்கள். 20 செ.மீ. அகலமாக இருந்தால் 55 என்பது 27.5. அது பொருந்துகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

இரண்டு, மோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது?

மூன்று, ப்ளைவுட் வைத்த பிறகு வால் எவ்வளவு கூடியது? எடை போட்டாயா?

தறிச்சத்தம் (பல்லடம்)
திங்கள், இரவு 11.40

அண்ணா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! பிளான் 150 செ.மீ. இறக்கைக்கு வரைந்தது. எனக்குக் கிடைத்த ஃபோம் சீட்டில் அடங்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் 80 சதவீதம் என்று சொல்லிப் பிரிண்ட் எடுத்தேன். எல்லாமே ஒரே மாதிரி சுருங்கியதால் தப்பில்லை என்று நினைத்தேன்.

மோட்டார் இப்போது நேராக இருக்கிறது. பிளானில் மோட்டார் பலகை கொஞ்சம் கீழேயும் வலது பக்கமும் சாய்ந்திருந்தது. வரைந்தவர் கை தவறிவிட்டது என்று நினைத்து ரசமட்டம் வைத்து நேராக்கிவிட்டேன். தறியில் எதுவும் கோணலாக இருக்கக் கூடாது என்று பழகிய கை அண்ணா.

வாலுக்கு, உடைந்த பழைய துண்டுகளையும் இப்போது வைத்த ப்ளைவுட் மாதிரி ஒரு துண்டையும் துணி எடை பார்க்கிற ஜி.எஸ்.எம். தராசில் போட்டுப் பார்த்தேன். பசையோடு சேர்த்து 20 கிராம் கூடியிருக்கிறது. 20 கிராம்தானே?

மரப்பேட்டர்ன் (கணபதி, கோவை)
செவ்வாய், இரவு 10.05

20 கிராம்தானே என்கிறாய். சரி, அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

உன் விமானத்தில் பேலன்ஸ் புள்ளியிலிருந்து மூக்கு நுனி சுமார் 20 செ.மீ. இருக்கும், வால் சுமார் 60 செ.மீ. அளந்து பார், பெரிய வித்தியாசம் வராது. வாலில் 20 கிராம் ஏற்றினால் 20க்கு 60, ஆயிரத்து இருநூறு. அதைச் சமாளிக்க மூக்கில் 20 செ.மீ. தூரத்தில் எத்தனை கிராம் வேண்டும்? 60. டயர் கடையில் நீ வாங்கியது எத்தனை? அதே 60. ஆக உன் ஈயம் முழுக்க உன் ப்ளைவுட்டுக்குக் கொடுத்த வட்டி. வாலைப் பழையபடி ஃபோமில் செய். நடுவில் ஒரு மூங்கில் சீவு வைத்து ஒட்டினால் போதும். வாலில் 20, மூக்கில் 60, மொத்தம் 80 கிராம் ஒரே நாளில் இறங்கிவிடும். 1,040 என்பது 960 ஆகும், பேலன்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். விழுந்தால் வால் உடையட்டும். உடைந்தால் இருபது ரூபாய் ஃபோம்.

அடுத்தது சுருக்கின கதை. நான் முப்பது வருஷமாகப் பவுண்டரிக்கு மரத்தில் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி உரு) அடிக்கிறவன். பம்புசெட்டு உடம்பு, இம்பெல்லர், கியர் பெட்டி எல்லாம். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அதற்காக மரத்தை அந்த ஒன்று கூட்டியே இழைப்போம், அதற்கென்றே தனி ஸ்கேல் உண்டு. எங்கள் பட்டறையில் புதிதாக வருகிற பையன்கள் செய்கிற முதல் தப்பு எது தெரியுமா? படத்தைப் பார்த்து அளவு எடுப்பான், ஓரத்தில் எழுதியிருக்கிற எண்ணைப் படத்தோடு ஒப்பிட மாட்டான். நீ செய்ததும் அதேதான். கோடெல்லாம் ஜெராக்ஸ் மெஷினில் சுருங்கியது. 55 என்கிற எழுத்தும் சுருங்கியது, ஆனால் படிக்கும்போது அது 55-தான். நிஜத்தில் 55-இல் நூற்றுக்கு 80, அதாவது 44 மி.மீ. நீ 11 மி.மீ. பின்னால் வைத்துப் பறக்கவிட்டிருக்கிறாய். குச்சியைத் தொட்டால் துள்ளுகிறது என்றாயே, அது அந்த 11-இன் வேலை. புள்ளி பின்னால் போகப் போக எலிவேட்டருக்கு வேகம் கூடும். விமானத்துக்குத் தானாக மட்டத்துக்குத் திரும்புகிற குணம் குறைந்துகொண்டே போகும்.

இந்த 11 மி.மீ. முன்னால் கொண்டுவர ஈயம் வேண்டாம். பேட்டரிதான் உன் ஈயம். எப்படியும் சுமந்தாக வேண்டிய கனம், அதை வேலைக்கு வை. மூன்று செல் 2200 சுமாராக 180 கிராம் வரும். 960-ஐ 11-ஆல் பெருக்கி 180-ஆல் வகு. 58 அல்லது 59 மி.மீ. கிடைக்கும். பேட்டரியை இப்போது இருக்கிற இடத்திலிருந்து 6 செ.மீ. முன்னால் தள்ளு. நடுவில் இருக்கிற ஃபோம் தடுப்பை வெட்டி வழி செய். பேட்டரி தளர்வாகக் கிடந்தால் ஆகாது. கீழே வெல்க்ரோ, மேலே ஒரு பட்டை, இரண்டும் வேண்டும்.

விரலை வைத்துப் பேலன்ஸ் பார்க்காதே. விரலின் தடிமனே ஒன்றரை செ.மீ. அதில் 11 மி.மீ. எங்கே தெரியும்? ஒரு பலகையில் இரண்டு குச்சி நட்டு, நுனியில் பென்சில் ரப்பர் ஒட்டு. இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் 44-இல் பென்சிலால் கோடு போட்டு, கோட்டைக் குச்சி மேல் வை. பேட்டரி, ப்ராப், சக்கரம், ரிசீவர் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். மூக்கு இம்மி அளவு கீழே பார்த்து நின்றால் போதும்.

என் முதல் விமானம் பால்சா மரம், எண்ணெயில் ஓடுகிற கிளோ எஞ்சின். டேங்க் நிறைய எண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டு அழகாகப் பேலன்ஸ் பார்த்தேன். டேங்க் இருப்பது மூக்குப் பக்கம். பறக்கப் பறக்க எண்ணெய் தீர்ந்தது, வால் கனத்துக்கொண்டே வந்தது. இறக்கலாம் என்று திருப்புகிற நேரத்தில் என் கையில் இருந்தது வேறொரு விமானம். காலி டேங்கில் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மின்சார விமானத்தில் அந்தத் தொல்லை இல்லை, தீர்ந்த பேட்டரியும் அதே எடைதான்.

இப்போது மோட்டார். பிளான் வரைந்தவர் கை தவறவில்லை தம்பி. மேல் இறக்கை விமானத்தில் இறக்கை உயரத்தில் இருக்கிறது, மோட்டார் அதற்குக் கீழே இழுக்கிறது. த்ராட்டில் கொடுத்தால் கீழ்ப்பக்கம் முன்னால் ஓடப் பார்க்கும், மேலே இறக்கை காற்றில் பின்தங்கும், மூக்கு தூக்கும். வேகம் கூடினால் இறக்கையும் தன் பங்குக்கு ஏற்றும். அதற்குத்தான் மோட்டாரை 3 டிகிரி கீழே சாய்ப்பது. வலது பக்கம் 2 டிகிரி எதற்கு என்றால், ப்ராப் பின்னாலிருந்து பார்க்க வலம் சுற்றுகிறது, உடம்பு இடம் புரளப் பார்க்கிறது. இடது இறக்கை சரிந்தது என்றாயே, மெதுவாக எறிந்து முழு த்ராட்டில் கொடுத்தால் அப்படித்தான் ஆகும்.

பலகையைப் பிரிக்க வேண்டாம். மோட்டார் திருகு ஓட்டைகளுக்கு நடுவே 25 மி.மீ. இருந்தால், மேல் திருகுக்குப் பின்னால் 1.3 மி.மீ. வாஷர், பின்னாலிருந்து பார்க்க இடது பக்கத் திருகுக்குப் பின்னால் 0.9 மி.மீ. கணக்கு சரியாகிவிடும். ரசமட்டத்தை அலமாரியில் வை.

ஆக உன்னிடம் இருந்தது இரண்டு வியாதி. நீ ஒரே மாத்திரையைக் கொடுத்தாய். மோட்டார் தூக்கியதை எலிவேட்டர் ட்ரிம்மால் அமுக்கினாய். மோட்டாரை நிறுத்தியதும் தூக்குவதற்கு ஆள் இல்லை, அமுக்குகிற ட்ரிம் மட்டும் மிச்சம். கல் மாதிரி விழாமல் என்ன செய்யும்? மோட்டார் ஓடும்போது மட்டும் வருகிற கோளாறு மோட்டாரின் கோணம். ஓடினாலும் நின்றாலும் இருக்கிற கோளாறு எடை. முதலில் மோட்டாரை நிறுத்திவிட்டு எடையைச் சரி பண்ணு. அது முடியாமல் மோட்டார் பக்கம் போகாதே.

எலிவேட்டர் ட்ரிம் நடுவில், கம்பியைத் திருகி எலிவேட்டரும் நேராக இருக்கட்டும். ப்ராப்பைச் சுழலவிடாமல், முழங்கால் உயரப் புல் இருக்கிற இடத்தில் எதிர்க்காற்றைப் பார்த்து நாலு எட்டு ஓடி மட்டமாக எறி. மேலே பார்த்து எறியக் கூடாது. நல்ல பேலன்ஸ் என்றால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் நேராகப் போய் மெதுவாக அமரும். மூக்கு தூக்கி நின்று விழுந்தால் வால் கனம். எறிந்ததும் குத்தினால் மூக்கு கனம். பேட்டரியை அரை செ.மீ. நகர்த்தி மறுபடி எறி.

இன்னொன்று சொல்லாமல் விட முடியாது. 80 சதவீதம் சுருக்கினால் இறக்கைப் பரப்பு 80 ஆகாது, 64 ஆகும். நீளமும் சுருங்குகிறது, அகலமும் சுருங்குகிறது. பிளானில் 30 சதுர டெசிமீட்டர், உன்னிடம் 19.2. ஆனால் மோட்டாரும் பேட்டரியும் சர்வோவும் சுருங்கவில்லை. 1,040 கிராமுக்கு ஒரு சதுர டெசிமீட்டருக்கு 54 கிராம். 960 ஆனாலும் 50. பழகுகிற விமானத்துக்கு 40-க்குள் இருந்தால் சுகம். என் கணக்குப்படி உன் விமானம் மணிக்கு 33 கிலோமீட்டருக்குக் கீழே பறக்காது. அதனால்தான் கொப்பரைக்காரர் சொன்ன இன்னும் 40 கிராம் உனக்கு ஆகாது. அவர் விமானம் எவ்வளவு பெரியது என்று கேள்.

கொப்பரை (பொள்ளாச்சி)
புதன், காலை 5.50

என்னுடையது 180 செ.மீ. அண்ணா, ஒத்துக்கொள்கிறேன்.

தம்பிக்கு ஒரு விஷயம். நீங்கள் ஏற்றியது ஆனி மாதம், சாயங்காலம். நம் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாசல். வைகாசியில் தொடங்குகிற மேல்காற்று ஆவணி வரை விடாது. பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், உங்கள் 960 கிராம் எம்மாத்திரம். ஒரு நாள் என் விமானம் காற்றை எதிர்த்துத் தென்னை மரத்துக்கு நேர் மேலே பட்டம் மாதிரி ஒரே இடத்தில் நின்றது. திருப்பினேன், அடுத்த தோப்பில் போய்த்தான் பிடித்தேன். மரம் ஏறுகிறவர் வந்து எடுத்துக் கொடுத்தார், இரண்டு குலை இளநீரும் சேர்த்து இறக்கினார்.

காலை ஆறு, ஆறரைக்குப் போங்கள். வேப்ப மரத்தின் உச்சி இலை அசைந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். காற்றாலை, மின்கம்பி இருக்கிற காடு வேண்டவே வேண்டாம். உழுத காடு விழுவதற்கு நல்லது, சக்கரம் வைத்து இறங்க ஆகாது.

அப்புறம் சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, பீளமேட்டில் விமான நிலையம். 2021 ட்ரோன் விதிகள் நம் விமானத்துக்கும் பொருந்தும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் காடு பச்சையில் இருக்கிறதா பாருங்கள். பச்சையில் 400 அடி வரை போகலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிதான். 2 கிலோவுக்குள் பொழுதுபோக்குக்கு ஓட்ட லைசென்ஸ் கேட்பதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தைத் தாண்டக் கூடாது.

சுண்ணாம்புக்கட்டி (ஈரோடு)
புதன், இரவு 8.30

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறேன். மாணவிகளோடு வருஷத்துக்கு இரண்டு விமானம் கட்டுவோம், அதில் ஒன்றாவது பிழைக்கும்.

கணபதிக்காரர் கணக்கு அத்தனையும் சரி. ஒரே ஒரு இடத்தில் நான் வேறு மாதிரி செய்வேன். 44 என்பது பழகினவர் கைக்கு. முதல் நாளுக்கு நான் 40-இல் வைப்பேன், அகலத்தில் கால் பங்கு. பேட்டரியை இன்னும் 2 செ.மீ. முன்னால் தள்ளினால் வந்துவிடும். எலிவேட்டர் கொஞ்சம் மந்தமாக இருக்கும், துள்ளாது. இரண்டு மூன்று பறப்பு ஆனபின் 44-க்குக் கொண்டுவாருங்கள்.

துள்ளலுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், எலிவேட்டர் அசைகிற தூரம். பின்விளிம்பில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எலிவேட்டர் மேலே 10 மி.மீ., கீழே 10 போதும். ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசைகிற பலகை) 10 அல்லது 12, ரட்டர் (வாலில் நிற்கிற சுக்கான்) 20. அதிகமாக இருந்தால் ரேடியோவில் சதவீதத்தைக் குறைத்துச் சரிசெய்யாதீர்கள். சர்வோ கையில் உள்பக்க ஓட்டைக்கும், எலிவேட்டர் கொம்பில் (கம்பி மாட்டுகிற துண்டில்) வெளிப்பக்க ஓட்டைக்கும் கம்பியை மாற்றுங்கள். அப்போது சர்வோ முழு ஓட்டமும் ஓடும், கம்பியில் இருக்கிற ஆட்டமும் வாலில் சின்னதாகத் தெரியும். அதன் பிறகு ரேடியோவில் 30 சதவீதம் எக்ஸ்போ, அதாவது குச்சியின் நடுப்பகுதியை மந்தமாக்குகிற அமைப்பு. சில ரேடியோவில் அது கூட்டல் குறி, சிலவற்றில் கழித்தல். குச்சியை மெதுவாக அசைத்து, நடுவில் மந்தமாகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். தப்பாக வைத்தால் நடுவிலேயே வெறி பிடிக்கும்.

இறக்கையின் இடது வலது பேலன்சையும் யாரும் சொல்லவில்லை. ப்ராப் தண்டிலும் வால் நுனியிலும் பிடித்துத் தூக்குங்கள். ஒரு பக்கம் எப்போதும் சாய்ந்தால் எதிர்ப்பக்க இறக்கை நுனியில் ஒரு ரூபாய்க் காசை டேப் போட்டு ஒட்டினால் பெரும்பாலும் தீரும்.

பறக்கும் முன்பு விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். குச்சியை வலது பக்கம் சாய்த்தால் வலது ஏலரான் மேலே வர வேண்டும். குச்சியை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே. ஒவ்வொரு தடவையும் பாருங்கள். போன வருஷம் எங்கள் மாணவி ஒருத்தி இறக்கையைக் கழற்றி மாட்டியபோது இரண்டு வயர் இடம் மாறிவிட்டது. விமானம் எறிந்த இடத்திலேயே புரண்டு வேலியில் போய் விழுந்தது. அப்புறம் ப்ராப்பைக் கழற்றி வைத்துவிட்டு ரேடியோவை அணையுங்கள், மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப் (ரேடியோ சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்துகிற அமைப்பு) வைக்காமல் மைதானத்துக்கே போகாதீர்கள். அந்தப் ப்ராப் விரலை எடுத்துவிடும்.

மரப்பேட்டர்ன் (கணபதி, கோவை)
புதன், இரவு 9.45

டீச்சரம்மா சொல்கிற 40-க்கு நான் எதிர்ப்பில்லை. காசு வைக்கிற யோசனையில்தான் கொஞ்சம் மனசு ஒப்பவில்லை. ஈயத்தை விரட்டினால் சில்லறை வருகிறது! சரி, ஒரு ரூபாய்தானே, போகட்டும்.

தறிச்சத்தம் (பல்லடம்)
அடுத்த ஞாயிறு, காலை 9.10

எல்லோருக்கும் கும்பிடு. வரிசையாகச் சொல்கிறேன்.

புது வால் ஃபோமில் செய்தாயிற்று, நடுவில் மூங்கில் சீவு. ஈயம் பன்னிரண்டையும் உரித்தேன். கடைத் தராசு 955 காட்டியது. தடுப்பை வெட்டிப் பேட்டரியை முன்னால் தள்ளி, குச்சி மேல் வைத்து 40-இல் நிறுத்தினேன். எலிவேட்டர் அசைவை அளந்தால் 19 மி.மீ.! அதை 10-க்குக் கொண்டுவந்தேன். இடது இறக்கை கொஞ்சம் கனம், ஒரு ரூபாய்க் காசு வலது பக்கம் போயிற்று (மன்னிக்கணும் அண்ணா).

குச்சி மேல் விமானம் நின்றதை அப்பாரு பார்த்தார். எண்பது தாண்டியவர், அந்தக் காலத்தில் பல்லடம் சந்தைக்கு மாட்டு வண்டியில் பருத்தி ஏற்றிப் போனவர். "என்னடா, முன்பாரம் பின்பாரம் பாக்கறயா?" என்றார். எனக்குப் புரியவில்லை. பின்பாரமாக ஏற்றினால் நுகம் மாட்டின் கழுத்தைவிட்டு மேலே கிளம்பி வண்டி அண்ணாந்துகொள்ளும், முன்பாரம் அதிகமானால் மாடு முட்டி போடும், நுகம் கழுத்தில் லேசாக அமர்ந்திருக்கிற மாதிரி ஏற்ற வேண்டும் என்று கையைக் காட்டிச் சொன்னார். நாலு மாதமாக இணையத்தில் தேடினேன், ஆள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

சனிக்கிழமை விடியற்காலை மோட்டார் இல்லாமல் எறிந்தேன். முதல் எறி மாமன் மகன், பழக்க தோஷத்தில் மேலே பார்த்து எறிந்துவிட்டான், கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்த ஆறும் நான் ஓடி எறிந்தேன். எட்டு மீட்டர் போய் மூக்கைக் கொஞ்சம் கவிழ்த்துக்கொண்டு இறங்கியது. பேட்டரியை ஒரு செ.மீ. பின்னால் விட்டதும் பதினோரு மீட்டர், நேராக, புல்லில் கோழி படுக்கிற மாதிரி அமர்ந்தது. அளந்தால் 42-இல் நிற்கிறது. அண்ணனுக்கும் டீச்சருக்கும் நடுவில் வந்துவிட்டேன்.

அதற்கு அப்புறம்தான் வாஷர் போட்டேன், மேல் பக்கம் 1.3, இடது பக்கம் 0.9. தறி ஸ்பேர் டப்பாவிலேயே இருந்தது.

இன்று காலை ஆறே காலுக்கு ஏற்றினேன். வேப்ப மரம் அசையவில்லை. முக்கால் த்ராட்டில், மாமன் மகன் மட்டமாக எறிந்தான், படம் எடுக்கவில்லை, வரப்பு மேல் பஸ் போகிற மாதிரி போய் மெதுவாக ஏறியது. எலிவேட்டருக்கு மேலே மூன்று கிளிக் ட்ரிம், அவ்வளவுதான். உயரம் வந்ததும் த்ராட்டிலை முழுக்க மூடினேன். அண்ணா, அந்த நேரம் என் முட்டி ஆடியது. மூக்கை லேசாகத் தாழ்த்திச் சறுக்கிக்கொண்டு போனது. கல் மாதிரி விழவில்லை. ஏழு நிமிடம் பறந்தேன், ஒரு பருந்து வந்து இரண்டு சுற்று கூடவே சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

இறக்கும்போது வேகம் குறைத்துவிட்டேன், நீங்கள் சொன்ன 33 கிலோமீட்டர் ஞாபகமே இல்லை. இடுப்பு உயரத்திலிருந்து தொப்பென்று உட்கார்ந்தது. ப்ராப் ஒரு இலை உடைந்தது, சக்கரக் கம்பி வளைந்தது. வால் உடையவில்லை!

மரப்பேட்டர்ன் (கணபதி, கோவை)
ஞாயிறு, காலை 10.30

சபாஷ் கண்ணு. ப்ராப்புக்கு அழாதே, நாலு சேர்த்து வாங்கி வை. பேட்டரி எவ்வளவில் இறக்கினாய்? ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட்டுக்குக் கீழே போகவிடாதே. வீட்டில் வைக்கும்போது 3.8-இல் வை.

பத்துப் பறப்பு ஆனபின் ஒரு சோதனை இருக்கிறது. நல்ல உயரத்தில் த்ராட்டிலை மூடி, 45 டிகிரி கீழே காட்டி, குச்சியை விட்டுவிட வேண்டும். தானாக மெதுவாக மேலே திரும்பினால் பேலன்ஸ் சரி. வெடுக்கென்று எழுந்தால் மூக்கு கனம், இன்னும் செங்குத்தாகப் போனால் வால் கனம். இப்போதே செய்துவிடாதே, பத்து ஆகட்டும். அடுத்தது கட்டும்போது பிளானைச் சுருக்காதே, ஃபோம் சீட்டை ஒட்டிப் பெரிதாக்கு.

தறிச்சத்தம் (பல்லடம்)
ஞாயிறு, மாலை 7.00

பேட்டரி செல்லுக்கு 3.75 காட்டியது அண்ணா. ப்ராப் நாலு சொல்லியாயிற்று.

மதியம் டயர் கடைக்குப் போய் அந்தப் பன்னிரண்டு ஈயத்துண்டையும் திருப்பிக் கொடுத்தேன். பசை போனது, இருந்தாலும் வாங்கிக்கொண்டார். "ஏனப்பா, வண்டி ஓடலையா?" என்றார். "ஓடுதுங்க, அதனாலதான்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.